ஏடும் சீட்டும் படமும்

திருநெல்வேலி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் வெளியூர்க்காரர்களுக்கு அல்வா நினைவு வந்துவிடும். அதில் தவறொன்றும் இல்லை. நாமும் அந்த அல்வாவைத் தின்று வளர்ந்தவர்கள்தான். ஆனால், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் அல்வாக் கடை முன் நிற்கும் கூட்டத்தைத் தாண்டிச் சற்றுத் தூரம் நடந்தால் ஒரு புத்தகக் கடையும் தென்படும் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தக் கடைக்குள்ளே, மூக்குக் கண்ணாடி நழுவுவதுகூடத் தெரியாமல் ஒரு மனிதர் படித்துக்கொண்டிருப்பார். அல்வாக்காரரைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. புத்தகக்காரரைப் பற்றி எழுதினவர்களோ மிக அபூர்வம்.

இந்தக் குறையை ஓரளவேனும் தீர்க்க எண்ணி, நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு புத்தக வியாபாரியைப் பற்றி எழுதத் துணிந்தோம். தம்முடைய பெயரைப் போடக் கூடாதென்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகையால் ஊர் வழக்கப்படி அவரை "அண்ணாச்சி" என்றே குறிப்பிடுவோம். திருநெல்வேலிச் சீமையில் அண்ணாச்சி என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் விரும்பிய மறைவு அதிலேயே கிடைத்துவிடும்.

அண்ணாச்சிக்கு வாழ்க்கையில் மூன்று பற்றுகள் உண்டு. ஒன்று படிப்பு, மற்றொன்று ஒரு சீட்டுக் கட்டு, மூன்றாவது போட்டோ. இவை மூன்றும் ஒரே மனிதரிடம் எப்படிச் சேர்ந்தன என்று நாம் முதலில் வியந்ததுண்டு. பழகப் பழக, மூன்றும் ஒரே காரியத்தின் மூன்று பிரிவுகள் என்பது விளங்கிற்று.

கடையும் காலமும்

காலை 9 மணிக்குக் கடை திறக்கிறது. பெருக்கித் துடைத்து, விளக்கேற்றி, ஓர் ஊதுவத்தியைச் செருகிவிட்டு அண்ணாச்சி தூசி தட்டத் தொடங்குகிறார். தூசி தட்டும்போதே எந்தப் புத்தகம் எத்தனை நாளாக அசையாமல் இருக்கிறது என்ற கணக்கும் நடந்துவிடுகிறது. நெடுநாள் அசையாத புத்தகத்தைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு நேரான தட்டில் வைப்பார். "பெண்ணுக்கு வரன் பார்க்கிறவன் பெண்ணை அடுக்களையில் ஒளித்து வைப்பானா, ஸார்?" என்பது அவர் கேள்வி.

விவசாயிக்கு இருப்பதுபோல் புத்தகக்காரருக்கும் பருவங்கள் உண்டு. ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்ததும் நோட்டுப் புத்தகமும் பரீட்சைக் கைடும் மலையாகக் குவிந்து மலையாகக் கரையும். ஆடியில் வியாபாரம் மந்தம். மார்கழி வந்தால் திருப்பாவையும் திருவெம்பாவையும் கேட்டு வருவார்கள். தை மாதம் டைரிக்கு. பங்குனியில் பஞ்சாங்கம் வந்து இறங்கும். கதை, கட்டுரை, சரித்திரம், விஞ்ஞானம் ஆகியவற்றுக்கென்று தனியாக ஒரு பருவம் இல்லை. அவை மானாவாரிப் பயிர். மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மாலை வேளையில் கடைக்கு வரும் பெரியவர்கள் சிலரை அவர் "முன்னுரை வாசகர்கள்" என்பார். விலையை விசாரித்து, முன்னுரை முழுவதையும் நின்றபடியே படித்து, புத்தகத்தை இருந்த இடத்தில் அலுங்காமல் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இவர்கள். இவர்கள்மேல் அண்ணாச்சிக்குக் கோபம் கிடையாது. "முன்னுரையாவது படிக்கிறார்களே! முன்னுரை பிடித்துப்போனால் ஒரு நாள் முதல் அத்தியாயத்துக்கு வருவார்கள்" என்று சொல்லுவார். நாமும் ஒரு காலத்தில் முன்னுரை வாசகராக இருந்தவர்தான் என்பதை அவர் நாகரிகமாக மறந்துவிட்டார்.

புதிதாக வரும் புத்தகங்களை அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று இரவில் படிக்கிறார். படித்த புத்தகத்துள் ஒரு சின்னக் காகிதத் துண்டு இருக்கும். அதில் யாருக்கு இது ஏற்றது என்று ஒரே வரி: "வேலைக்குப் போகும் பெண்களுக்கு", "தாத்தாவை இழந்த பையனுக்கு", "கிணறு வெட்ட நினைக்கிறவருக்கு." கைடு விற்க ஒரு நிமிஷம் போதும். ஒரு நல்ல நாவலை விற்க அரைமணி நேரம் பேச வேண்டும். இரண்டிலும் கையில் நிற்கும் லாபத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வாடகை, மின்சாரம், கூலி எல்லாம் பதிப்பகத்தார் கொடுக்கும் கழிவிலிருந்தே வர வேண்டும். அந்தக் கழிவுக்குள்ளேயே வாங்குகிறவருக்கும் ஒரு தள்ளுபடி வேண்டும். கைபேசியில் விரலைத் தட்டினால் புத்தகம் வீட்டு வாசலில் வந்து விழுகிற இந்தக் காலத்தில், அரைமணி நேரம் பேசி விற்கிற மனிதர் எத்தனை காலம் தாக்குப் பிடிப்பார் என்பது நமக்குள்ள கவலை. அவருக்கும் உண்டு, வெளியில் சொல்வதில்லை.

ஒரே வருஷத்தில் இரண்டு கனவுகள்

இந்தத் தொழிலுக்கு நம் தாமிரவருணிக் கரையில் பெரியதொரு பரம்பரை இருக்கிறது. 1920-ஆம் வருஷத்தை நேயர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வருஷத்தில் சுப்பிரமணிய பாரதியார், மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில், தம் மனைவி செல்லம்மாளின் பிறந்த ஊராகிய கடையத்தில் வசித்து வந்தார். பாடப் பாடக் குறையாத செல்வம் கையில் இருந்தது. அச்சிடப் பணம் இல்லை. அங்கிருந்து ஜூன் மாதத்தில் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுதினார். தம் எழுத்துக்களை 40 புத்தகங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி வீதம், ஆக 4 லட்சம் பிரதிகள் அச்சிட வேண்டும் என்பது அவர் திட்டம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் வீட்டுக்கு வீடு பரவுவதுபோல் அவை பரவும் என்பது அவர் நம்பிக்கை. தமிழ்நாட்டில் புத்தகத்தை இப்படி அன்றாட வீட்டுச் சாமானாக நினைத்துப் பார்த்தவர்கள் அவருக்கு முன் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கனவு பலிக்கவில்லை, பணம் சேரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பர் மாதத்தில், 39 வயது நிரம்புமுன், அவர் சென்னையில் காலமானார்.

அதே 1920-ஆம் வருஷம் செப்டம்பர் 21-ஆம் தேதி, திருநெல்வேலியில் மற்றொரு கனவு பதிவாயிற்று. தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் என்பது அதன் பெயர். கொழும்பில் சில காலம் வாழ்ந்தவரான வ. திருவரங்கம் பிள்ளையும் அவர் தம்பி வ. சுப்பையா பிள்ளையும் அதன் இரண்டு தூண்கள். பலரிடம் பங்கு சேர்த்து நிறுவிய கூட்டு ஸ்தாபனம் அது. 1923-இல் "செந்தமிழ்ச் செல்வி" என்ற மாதப் பத்திரிகையையும் தொடங்கிற்று. சங்க நூல்கள், சமய நூல்கள், இலக்கணங்கள், சிறுவர் புத்தகங்கள் என்று வரிசை வரிசையாக வெளியிட்டது. ஒரு தலைமுறைத் தமிழாசிரியர்களின் அலமாரியில் "கழகப் பதிப்பு" இல்லாத தட்டே கிடையாது. 1944-இல் தமையனார் மறைந்த பின்பும் தம்பியார் தளரவில்லை. மறைமலையடிகள் தேடிச் சேர்த்த நூல்களைக் கொண்டு 1958-இல் சென்னையில் அடிகள் பெயரால் ஒரு நூல்நிலையமும் ஏற்படுத்தினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1983-இல் மறையும்வரை அவருக்குப் புத்தகமே மூச்சு.

ஒரு கனவு கலைந்ததும் மற்றொன்று நிலைத்ததும் ஏன்? மேதை கடையத்தில் இருந்தார். பங்கும், கடையும், பத்திரிகையும், ஊர் ஊராய்ப் புத்தகம் கொண்டு செல்லும் ஆட்களும் திருநெல்வேலியில் சேர்ந்தார்கள். இரண்டு இடத்துக்கும் இடையே ஒரு நாள் பிரயாணம்கூட இல்லை. எழுதினவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவில் நின்று சுமக்கிற ஒருவர் இல்லாவிட்டால் உன்னதமான கவிதையும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பாரதியாரின் எழுத்துக்களின் உரிமையை 1949-இல் அரசாங்கம் வாங்கிப் பின்னர் பொதுச் சொத்தாக்கியது. அதன் பிறகே அவர் வீட்டுக்கு வீடு புகுந்தார். அண்ணாச்சியின் கடையில் பாரதியார் கவிதைக்கு மட்டும் பருவம் கிடையாது. அது வருஷம் முழுவதும் விலை போகிறது. அதை விற்கும்போதெல்லாம் அவர் ஒரு கணம் நின்று புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

சீட்டுக்குள்ளே என்ன இருக்கிறது?

இனி அந்தச் சீட்டுக் கட்டுக்கு வருவோம். பழைய வீட்டுப் புத்தகங்களை மொத்தமாக விலைக்கு வாங்கியபோது, ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுக்கு இடையே அது அகப்பட்டதாம். மொத்தம் 78 சீட்டுக்கள். அவற்றில் 22 சீட்டுக்களில் ராஜா, ராணி, துறவி, நிலா, சூரியன், இடிந்து விழும் கோபுரம் முதலிய சித்திரங்கள். மேனாட்டார் இதை "டாரட்" என்கிறார்கள். எதிர்காலத்தைச் சொல்லும் சீட்டு என்று இப்போது நம் நகரங்களிலும் இதற்கு மவுசு ஏற்பட்டிருக்கிறது.

அண்ணாச்சி புத்தகக்காரர் அல்லவா? சீட்டு கிடைத்ததும் சீட்டின் சரித்திரத்தைத் தேடிப் படித்துவிட்டார். 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் தோன்றிய விளையாட்டுச் சீட்டு இது. ஆரூடத்துக்கும் இதற்கும் அப்போது யாதொரு சம்பந்தமும் இல்லை. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் இதை வைத்துச் சாதாரணமாக விளையாடுகிறார்கள். 1781-இல் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர், இது பண்டை எகிப்தியரின் ரகசிய ஞான நூல் என்று எழுதினார். அந்தக் காலத்தில் எகிப்திய எழுத்தை வாசிக்க உலகில் ஒருவருக்கும் தெரியாது. ஷம்போலியன் அதன் மர்மத்தை விடுவித்தது 1822-இல்தான். வாசிக்கத் தெரியாத மொழியில் இருப்பதாகச் சொல்லிவிட்டால் மறுப்பதற்கு ஆள் ஏது? உடனே பாரிஸில் மற்றொருவர் புறப்பட்டார். அலியெத் என்ற தம் பெயரைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி எத்தெய்லா என்று வைத்துக்கொண்டு, சீட்டுப் பார்த்துப் பலன் சொல்லும் முறையை 1785-இல் புத்தகமாகவே வெளியிட்டார். அவர் தொழில் என்ன தெரியுமா? அச்சுப் படங்கள் விற்பது! "பார்த்தீர்களா, ஸார்? இந்த வினையையும் எங்கள் கூட்டத்தான்தான் ஆரம்பித்திருக்கிறான்" என்று அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரிப்பார்.

அவரிடம் உள்ள கட்டின் சித்திரங்கள் 1909-இல் லண்டனில் ரைடர் கம்பெனியார் வெளியிட்டவை. வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண்மணி. இவருடைய கதை நம் மனத்தைத் தொடுவதாக இருக்கிறது. 1903-இல் "பசுங்கதிர்க் கட்டு" என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறு பத்திரிகை தொடங்கி, படங்களுக்குத் தாமே வர்ணம் தீட்டி விற்றவர். நியூயார்க்கில் புகழ்பெற்ற போட்டோக் கலைஞரான ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ், போட்டோக்களுக்கென்றே நடத்தி வந்த தம்முடைய கூடத்தில் 1907-இல் இவருடைய சித்திரங்களை மாட்டி வைத்தார். போட்டோ அல்லாத படங்கள் அங்கே தனிக் காட்சியாக இடம் பெற்றது அதுவே முதல் தடவை. சீட்டுப் படங்களை முடித்ததும், பெரிய வேலைக்குச் சொற்பப் பணம் கிடைத்ததென்று அந்த ஸ்டீக்லிட்ஸுக்கே இவர் கடிதம் எழுதினார். கோடிக்கணக்கான கைகளில் புரண்ட சீட்டு, வெளியிட்டவர் பெயராலும் யோசனை சொன்னவர் பெயராலும் வழங்கிற்று. வரைந்தவரோ 1951-இல் கடனோடு காலமானார். 78 சீட்டுக்களுக்கும் பலன் சொல்லும் உலகம், அவற்றை வரைந்தவளுக்கு ஒரு பலனும் சொல்லவில்லை.

மேனாட்டாரை மட்டும் குறை சொல்வானேன்? நம் கோயில் வாசல்களில் கிளி சீட்டெடுக்கக் கண்டிருக்கிறோம். கூண்டு திறந்ததும் தத்தித் தத்தி வந்து ஓர் உறையை இழுத்துப் போட்டு, ஒரு நெல் வாங்கிக்கொண்டு உள்ளே போகும். முருகன் வந்தால் ஒரு பலன், சனீசுவரன் வந்தால் ஒரு பலன். நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகிவிட்டதால் அந்தத் தொழில் தேய்ந்து வருகிறது. பஞ்சாங்கத்தில் ராமர் சக்கரம், சீதா சக்கரம் என்று கட்டம் போட்டு அச்சிட்டிருப்பார்கள். கண்ணை மூடி விரல் வைத்தால் விடை. தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கம் சைவக் குடும்பங்களில் பழையது. ரோமாபுரியில் வர்ஜிலின் காவியத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். பாரசீகத்தில் ஹாபிஸின் கவிதைகளை இன்றும் பிரித்துப் பார்க்கிறார்கள். மனிதன் பயந்த நேரத்தில் ஏட்டைத்தான் தேடி ஓடியிருக்கிறான் என்பது இதனால் தெரிகிறது. புத்தகக்காரரின் பொறுப்பும் இங்கேதான் ஆரம்பமாகிறது.

ஒரு மே மாதத்து மாலையில் நாம் கடையில் இருந்தபோது ஓர் அம்மாள் தம் மகளுடன் வந்தார். பெண் 12-ஆம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கியிருந்தாள். கல்லூரியில் சேர ஆசை. தாயாருக்கோ கலக்கம். யாரோ கைபேசி மூலம் சீட்டுப் பார்த்து, இந்த வருஷம் பெண்ணை வெளியே அனுப்பினால் ஆபத்து என்று சொல்லிவிட்டார்களாம். பணமும் வாங்கிக்கொண்டார்களாம். அந்தப் பலன் சரிதானா என்று பார்க்க ஒரு புத்தகம் வேண்டும் என்றார்.

அண்ணாச்சி உபதேசம் எதுவும் செய்யவில்லை. இழுப்பறையைத் திறந்து, கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். தோளில் சிறு மூட்டையுடன் ஓர் இளம் பிராயத்தினர் மலை விளிம்பில் நிற்பது போன்ற சித்திரம்; காலடியில் ஒரு நாய்க்குட்டி துள்ளுகிறது; தலைக்கு மேலே சூரியன்.

"இதைப் பார்த்தால் உங்களுக்கு என்னம்மா தோன்றுகிறது?" என்று கேட்டார்.

"விழப் போகிற மாதிரி இருக்கு, அண்ணாச்சி" என்றார் அம்மாள்.

"நீ சொல்லு, தாயீ."

"ஊருக்குப் புறப்படுகிற மாதிரி இருக்கு. நாய்க்குட்டியும் கூடப் போகுது" என்றாள் பெண்.

"சீட்டு ஒன்றுதான், அம்மா. உங்கள் பயத்தை நீங்கள் அதில் பார்த்தீர்கள். அவள் ஆசையை அவள் பார்த்தாள். இதற்குப் பணம் கொடுக்கணுமா? கண்ணாடி வீட்டிலேயே இருக்கே!" என்று சொல்லிச் சீட்டை உள்ளே போட்டுவிட்டார். பிறகு பாளையங்கோட்டையில் உள்ள கல்லூரிகளின் விவரங்களை ஒரு தாளில் எழுதினார். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் "புதுமைப் பெண்" திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2022-இல் தொடங்கியதைச் சொல்லி, அதற்கு விண்ணப்பிக்கும் விதத்தை நம்மைக்கொண்டு விளக்கச் செய்தார். அன்று அந்த அம்மாள் ஒரு புத்தகமும் வாங்கவில்லை. ஆவணி மாதத்தில் அந்தப் பெண் மட்டும் தனியே வந்து முதல் வருஷப் பாடப் புத்தகம் கேட்டாளாம். அதை நம்மிடம் சொன்னபோது அண்ணாச்சியின் குரல் சற்றே தழுதழுத்தது.

பெயரில்லாத முகங்கள்

மூன்றாவது பற்று போட்டோ. பழைய வீடுகளிலிருந்து புத்தகங்கள் எடைக்கு வரும்போது, முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரையும் தேதியையும் அண்ணாச்சி படம் எடுத்து வைத்துக்கொள்கிறார். முன்பு பிலிம் சுருள் போடும் காமிராவில் எடுத்தார்; இப்போது கைபேசியில். இன்னார் இன்னாருக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தது, இன்ன பள்ளியில் முதல் பரிசாகக் கிடைத்தது என்றெல்லாம் அந்தப் பக்கங்கள் பேசும். புத்தகம் வேறு கைக்குப் போய்விடும். அந்த ஒரு வரியாவது நிற்கட்டும் என்பது அவர் எண்ணம்.

புத்தகங்களுக்குள்ளே படங்களும் அகப்படுவதுண்டு. மரப் பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் தம்பதி; வெல்வெட் தொப்பி வைத்த குழந்தை; காகிதத் தூணும் வரைந்த மாளிகையும் பின்னணியாக, மேசைமேல் கையூன்றி நிற்கும் இளைஞர். இத்தகைய படங்களை ஒரு பிஸ்கோத்து டப்பாவில் சேர்த்து வைத்து, புத்தகத்தில் கண்ட பெயரைக்கொண்டு சொந்தக்காரரைத் தேடுகிறார். சிலருடையதைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். பல படங்கள் டப்பாவிலேயே இருக்கின்றன. காரணம் ஒன்றே ஒன்று: பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது.

போட்டோவின் அருமை பாரதியார் விஷயத்தில் நமக்கு நன்றாக விளங்கும். இத்தனை பெரிய கவிஞருக்கு நமக்குக் கிடைத்துள்ள படங்கள் ஐந்தாறே. ரா. அ. பத்மநாபன் அலைந்து திரிந்து சேகரித்து 1957-இல் "சித்திர பாரதி" என்ற நூலை வெளியிட்டிராவிட்டால், அவற்றைப் பற்றிய விவரங்களும் சிதறிப் போயிருக்கும். சாதாரணக் குடும்பங்களின் படங்களுக்கு ஒரு பத்மநாபன் எங்கே கிடைப்பார்? தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி, புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்வடிவில் பதிந்து வைத்திருக்கிறார்கள். போற்றத்தக்க காரியம். ஆனால், நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பாட்டியின் பெயரை எந்த நிலையத்தாரும் வந்து எழுத முடியாது.

ஏடுகளை நாம் இழந்த கதையும் இதுவே. பத்துப்பாட்டை 1889-இல் அச்சேற்றுவதற்காக உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி நம் சீமைக்கு வந்தார். திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர்கள் வீடுகளில் ஏடுகள் கிடைத்தன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலோ, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்ன பதிலே கிடைத்தது. ஒரே சீமையில் சிலர் காத்தார்கள்; சிலர் எரித்தார்கள்.

வெள்ளம் வந்தபோது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடிச் சீமையார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரவருணி கரை புரண்டு, குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்து, ஜங்ஷன் பகுதித் தெருக்களில் புகுந்தது. உயிர்ச் சேதமும் பயிர்ச் சேதமும் கணக்கில் வந்தன. நனைந்த ஆல்பங்களும் ஊறிப்போன புத்தகங்களும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

வெள்ளம் வடிந்ததும் சிலர் ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் வந்தார்கள். அவர் அன்று சொன்னவை எல்லாக் குடும்பங்களுக்கும் உபயோகமானவை. நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டிக் காயும்படி விடக் கூடாது. ஈரம் இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசிப் பிரிக்க வேண்டும். பட முகத்தை விரலால் தொடக் கூடாது. அதிலுள்ள பசை நீரில் ஊறி இளகியிருக்கும். முகம் மேலே இருக்கும்படி துணியில் பரப்பி நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும், வெயில் உதவாது. கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்துவிட்ட படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே வேறு படம் பிடித்துக்கொள்ள வேண்டும். புத்தகமானால் சில பக்கங்களுக்கு ஒன்றாக மை ஒற்றும் தாளை வைத்து அடிக்கடி மாற்ற வேண்டும். இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். ஏராளமாக இருந்தால் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறை அறையில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம்.

அந்த நாட்களில் கடைக்குள் கொடி கட்டி, துணி மாட்டும் கிளிப்புகளில் படங்களைத் தொங்கவிட்டிருந்தார். கல்யாணங்கள், காதுகுத்துகள், காலேஜ் பட்டங்கள் எல்லாம் வரிசையாகக் காற்றில் ஆடின. விற்பனை நடக்கவில்லை. வந்தவர்கள் தங்கள் படம் இல்லாவிட்டாலும் நின்று பார்த்தார்கள். ஒரு மூதாட்டி வேறொருவர் ஆல்பத்தில் தம் தங்கையைக் கண்டு, "இது எங்க வீட்டுப் பிள்ளை" என்று கத்திவிட்டார். ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போனபோது எடுத்த கூட்டுப் படம் அது. அவர் வீட்டிலிருந்த படம் ஆற்றோடு போய்விட்டது. அண்ணாச்சி அப்போதே அதைக் கைபேசியில் பிடித்து, பிரதி எடுத்துக் கொடுத்தார்.

நாம் செய்யக்கூடியவை

தமிழ்நாட்டு அரசாங்கம் 2022-இல் பொருநை இலக்கியத் திருவிழாவை நம் ஊரில் நடத்தியது. புத்தகத் திருவிழாக்களும் நடைபெறுகின்றன, கூட்டமும் பெருகுகிறது. மிகவும் சந்தோஷம். ஆனால், தேருக்கு ஒரு நாள் வடம் பிடித்துவிட்டால் கோயிலில் தினசரி விளக்கு எரிந்துவிடாது. புத்தகக் கடைக்கு வேண்டியது தினசரி எண்ணெய். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, அல்வா வாங்கப் போகிற வழியிலேயே குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கடைக்குள் ஏறி, கைடு அல்லாத ஒரு புத்தகத்தை அவர்களே தேர்ந்தெடுக்கும்படி விட்டால் போதும். தேர்வு தவறிப்போனாலும் பாதகமில்லை. அடுத்த மாதம் சரியாகிவிடும்.

குடும்பத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியபோது, முக்கியமாகப் பெண் குழந்தையின் படிப்பைப் பற்றி முடிவு எடுக்க வேண்டியபோது, சீட்டையும் கட்டத்தையும் கேட்கும் முன் அந்தக் குழந்தையைக் கேட்க வேண்டும். அதன் பள்ளிக்கூடத்து ஆசிரியரையும் ஒரு வார்த்தை கேட்கலாம். ஆசிரியர்களாகிய நாங்கள் அதற்குப் பணம் வாங்குவதில்லை.

மூன்றாவது காரியத்துக்குச் செலவே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டிலுள்ள பெரியவர்களைச் சுற்றி உட்கார்ந்து, பழைய படங்களை எடுத்துப் போட்டு, யார் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டுப் பின்பக்கத்தின் ஓரத்தில் மிருதுவான பென்சிலால், அழுத்தாமல் எழுதி வைக்க வேண்டும். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

அண்ணாச்சியின் பிஸ்கோத்து டப்பாவில், வெல்வெட் தொப்பி வைத்த அந்தக் குழந்தையின் படம் இன்னும் இருக்கிறது. வலது கன்னத்தில் ஒரு பொட்டு. கையில் ஒரு மரப்பாச்சி. அடையாளம் தெரிந்தவர்கள் நெல்லையப்பர் கோயில் பக்கம் வந்து, எந்தப் புத்தகக் கடையிலாவது ஏறி, "அண்ணாச்சி" என்று கூப்பிட்டு விசாரிக்கலாம். சரியான கடை அதுவாக இல்லாவிட்டாலும், ஒரு புத்தகக் கடைக்குள் ஏறியதாகவாவது இருக்கும்.